அக்ரிலிக் ஓவியத்துக்கு வார்னிஷ்: தேர்வு முதல் பூச்சு வரை

கேன்வாஸில் அக்ரிலிக் படம் வரைந்து முடித்துவிட்டு வார்னிஷ் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "பளபளக்கும் கிளாஸா, பளபளக்காத மேட்டா?" என்பதுதான். அந்தக் கேள்வி நான்காவதாக வர வேண்டியது. இந்தப் படத்துக்கு வார்னிஷ் தேவையா, பூசினால் பிற்பாடு அதை எடுக்க முடியுமா, நம் ஊர் வெயிலையும் ஈரப்பதத்தையும் அது தாங்குமா என்ற மூன்றையும் தீர்த்த பிறகுதான் பளபளப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் கடை கடையாக விசாரித்து, புட்டிகளின் பின்பக்கப் பொடி எழுத்துகளையெல்லாம் படித்து, துண்டுக் கேன்வாஸ்களில் பூசிப் பூசிப் பார்க்க வேண்டியிருந்தது. புதிதாக வரைபவர்கள், அதிலும் சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள், அந்த அலைச்சல் இல்லாமல் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. படத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

அக்ரிலிக் காய்ந்தபின் பிளாஸ்டிக் போலாகிவிடுகிறதே, அதற்கு மேல் எதற்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த அக்ரிலிக் கொஞ்சம் மென்மையானது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வெயில் ஏற ஏற அது இளகும். இளகிய பரப்பில் உட்காரும் தூசி உள்ளே புதைந்துவிடும். பிறகு துடைத்தாலும் வராது. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இரண்டு படங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைத்துப் பாருங்கள், பிரிக்கும்போது சர்ரென்று ஒட்டிக்கொண்டு வரும். தூசியும் உரசலும் நேரே வண்ணத்தின் மேல் படாமல் வார்னிஷ் தடுக்கிறது. யு.வி. (புற ஊதாக் கதிர்) தடுப்புச் சேர்ந்த வார்னிஷ் நிறம் வெளுப்பதைத் தாமதப்படுத்துகிறது.

இதில் ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் வெளுக்கும் நிறமியை எந்த வார்னிஷும் காப்பாற்றாது. ஃப்ளோரசன்ட் நிறங்கள், மலிவான மாணவர் தரத்தில் வரும் சில இளஞ்சிவப்பு, ஊதா நிறங்கள் எல்லாம் ஜன்னல் வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும். ட்யூபின் மேல் ஒளி தாங்கும் தரம் போட்டிருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் அளவையில் 1 அல்லது 2 என்றிருந்தால் நம்பலாம்.

படத்தில் அக்ரிலிக் தவிர வேறு எதையெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கரி, சாஃப்ட் பேஸ்டல், வாட்டர் கலர், போஸ்டர் கலர், மார்க்கர் பேனா, பிரிண்ட் எடுத்து ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் சரி. தண்ணீர் கலந்த வார்னிஷைப் பிரஷால் பூசினால் வாட்டர் கலரும் இங்க்ஜெட் மையும் கரைந்து இழுபடும். கரியும் பேஸ்டலும் பிரஷோடு கிளம்பி வரும். ஆல்கஹால் மார்க்கரின் நிறம் மேலே போடும் பூச்சுக்குள் ஊறி ஏறும். இப்படிப்பட்ட கலவைப் படத்துக்கு வார்னிஷை மறந்துவிட்டு, கண்ணாடியோ அக்ரிலிக் ஷீட்டோ போட்டு ஃப்ரேம் செய்வதே நல்லது. படத்தின் முகம் கண்ணாடியில் படாதபடி இடையில் இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள்.

வண்ணத்தை ஊற்றிச் செய்யும் ஃப்ளூயிட் ஆர்ட் படங்களில் சிலிக்கான் ஆயில் கலந்திருந்தால், அது மேலே கசிந்து நிற்கும். அதன் மேல் எந்த வார்னிஷ் பட்டாலும் விலகி வட்டம் வட்டமாகக் குழியும். அந்த எண்ணெயைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

2. எடுக்க முடிகிற வார்னிஷா என்று கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை முழுத் தேர்வும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வார்னிஷும் என்றைக்காவது அழுக்காகும், கீறும், மங்கும். அன்றைக்கு அதை மட்டும் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச முடிய வேண்டும். எடுக்கவே முடியாத வார்னிஷ் என்றால் அதன் மேல் விழும் ஒவ்வொரு பழுதும் படத்தின் பழுதாகிவிடும்.

லேபிளில் "ரிமூவபிள்" என்ற சொல்லைத் தேடுங்கள். கூடவே, எதைக் கொண்டு எடுப்பது என்றும் எழுதியிருக்க வேண்டும். மினரல் ஸ்பிரிட்டா (நம் பெயின்ட் கடைகளில் மினரல் டர்பன்டைன் என்பது), அம்மோனியா கலந்த தண்ணீரா, அதே நிறுவனத்தின் ரிமூவரா என்று தெளிவாகச் சொல்லாத புட்டியை நான் நல்ல படத்துக்குத் தொடுவதில்லை. "பெர்மனன்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நீண்ட காலம் உழைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதை இனி எடுக்க முடியாது என்பதே அதன் பொருள்.

வார்னிஷ் என்ற பெயரிலும், வார்னிஷுக்குப் பதிலாகவும் நம் கடைத்தெருவில் கிடைப்பவற்றில் தவிர்க்க வேண்டியவை சில:

மரச்சாமான்களுக்கு அடிக்கும் வார்னிஷ், பி.யு. பாலிஷ், என்.சி. லேக்கர். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், தச்சர்களிடம் மிச்சம் இருக்கும். இவற்றில் பல வருஷம் போகப் போக மஞ்சளாகும். என்.சி. தின்னர் அக்ரிலிக் வண்ணத்தையே கரைக்கும்.

ஃப்ரேம் கடையில் "சும்மா ஒரு கிளியர் அடித்துத் தருகிறோம்" என்பார்கள். என்ன பொருள், எதைக் கொண்டு எடுக்கலாம் என்று கேளுங்கள். புட்டியைக் காட்டாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு படம் இப்படிப் போய், கெட்டியான மஞ்சள் பளபளப்போடு திரும்பி வந்தது. அதை எடுக்க இன்றுவரை வழியில்லை.

எண்ணெய் ஓவியத்துக்கான பழைய வகைப் பிக்சர் வார்னிஷ். டாமர் என்ற மரப்பிசினில் செய்ததாக இருந்தால் அதுவும் மஞ்சளாகும். லேபிளில் அக்ரிலிக்குக்கும் ஆகும் என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. கைவினைப் பொருளுக்குச் சரி. ஈரம் பட்டால் வெளுத்து இளகும், ஓவியத்துக்கு ஆகாது.

கிளாஸ் மீடியம், ஜெல் மீடியம். இவை வண்ணத்தில் கலப்பதற்கானவை. கடைசிப் பூச்சாக நின்றால் வண்ணத்தைப் போலவே இளகித் தூசி பிடிக்கும், எடுக்கவும் முடியாது. ஆனால் இவற்றுக்கு வேறொரு வேலை உண்டு. ஏழாவது படியில் வருகிறது.

3. தண்ணீர் வகையா, டர்பன்டைன் வகையா

தண்ணீர் வகை வார்னிஷ் பால் போல வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் தெளியும். வாடை குறைவு. பிரஷைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். அபார்ட்மென்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இதுவே வழி. இதன் குறை, வெக்கையில் கொஞ்சம் பிசுபிசுப்பது. இந்த வகையில் சிலவற்றை அம்மோனியாவால் எடுக்கலாம், சிலவற்றை எடுக்கவே முடியாது. எனவே இதில் லேபிளைப் படிப்பது இரட்டிப்பு அவசியம்.

டர்பன்டைன் வகை என்று நான் சொல்வது மினரல் ஸ்பிரிட்டில் கரைந்த பிசின் வார்னிஷ்களை. கோல்டன் நிறுவனத்தின் எம்.எஸ்.ஏ., லிக்விடெக்ஸ் நிறுவனத்தின் சொல்யுவார், கேம்ப்ளின் (Gamblin) நிறுவனத்தின் காம்வார் ஆகியவை இந்தக் குடும்பம். எம்.எஸ்.ஏ. காய்ந்தால் தண்ணீர் வகையைவிடக் கெட்டியாக நிற்கும், வெயிலில் ஒட்டுவது குறைவு. இந்த வகையைப் பிற்பாடு மினரல் ஸ்பிரிட் கொண்டே எடுக்கலாம். கடலோரத்தில் ஏ.சி. இல்லாத வீட்டில் தொங்கப்போகும் படத்துக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அதன் ஆவி உடம்புக்கு ஆகாது, தீயும் பிடிக்கும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்த இடம் வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க்கைத் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்த வகைப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். எம்.எஸ்.ஏ. போன்றவை மணமில்லாத மினரல் ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது, அதற்குச் சாதாரண வகை வேண்டும். காம்வாரோ மணமில்லாத வகையிலேயே கரையும். எதைக் கொண்டு நீர்க்க வைப்பது என்று தயாரிப்பாளர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். பெயின்ட் கடையில் "தின்னர்" என்று மட்டும் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் என்.சி. தின்னர்தான். மினரல் டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்ப்ரே டப்பா மூன்றாவது வடிவம். மேடு பள்ளம் நிறைந்த படத்துக்கும், பிரஷ் பட்டால் கலையும் படத்துக்கும் வசதி. மெல்லிய பூச்சுகள் பல போட்டால்தான் கனம் சேரும். ஓரிரு பூச்சை மட்டும் அடித்துவிட்டு யு.வி. பாதுகாப்பு வந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் வெண்மூட்டம் படியும். விலையும், பரப்பளவுக்குக் கணக்குப் பார்த்தால், பிரஷ் வகையைவிடக் கூடுதல்.

4. பளபளப்பு, சாட்டின், மேட்

பளபளப்பு வகை கறுப்பையும் அடர்நீலத்தையும் ஆழமாகக் காட்டும். ஈரமாக இருந்தபோது படம் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றம் திரும்ப வரும். குறை, எதிரே ஜன்னலோ ட்யூப்லைட்டோ இருந்தால் படத்தில் அதுதான் தெரியும். மேட் வகை பிரதிபலிப்பைக் கொல்லும். ஆனால் கறுப்பைச் சாம்பலாக்கும். சாட்டின் இரண்டுக்கும் நடுவில்.

மேட்டிலும் சாட்டினிலும் பளபளப்பைக் குறைக்க நுண்ணிய சிலிக்கா போன்ற தூள் கலந்திருக்கும். மேட்டையே இரண்டு மூன்று தடவை பூசினால் தூள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, படத்தின் மேல் பனி படர்ந்தது போலாகிவிடும். எனவே முதல் பூச்சு எப்போதும் பளபளப்பு வகையில் போடுங்கள். மேட்டோ சாட்டினோ வேண்டுமானால் கடைசி ஒரு பூச்சு மட்டும் அதில். அப்படியானால் இரண்டு புட்டி வாங்க வேண்டிவரும், இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள். ஒரே புட்டிக்குத்தான் காசு என்றால் பளபளப்போ சாட்டினோ வாங்குங்கள், மேட் வேண்டாம். அடர்நிறம் நிறைந்த படத்துக்கு மேட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

5. எவ்வளவு வாங்குவது

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஈரமாகப் பூசும்போது ஒரு நல்ல மெல்லிய பூச்சு 0.1 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 100 மி.லி. ஆகும். 2 அடிக்கு 3 அடி கேன்வாஸ் ஏறக்குறைய 0.56 சதுர மீட்டர். ஒரு பூச்சுக்கு 55 மி.லி., இரண்டு பூச்சுக்கு 110 மி.லி. பிரஷிலும் கிண்ணத்திலும் தங்குவதைச் சேர்த்து 130 மி.லி. என்று வையுங்கள். ஆகவே 100 மி.லி. புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாம் பூச்சு பாதியில் நின்றுவிடும். இறக்குமதிப் புட்டிகளில் வழக்கமாக வரும் 236 மி.லி. அளவு, இப்படி ஒரு படத்துக்குத் தாராளம், இரண்டு படத்துக்கு இழுபறி. 1 அடிக்கு 1 அடி அளவில் வரைபவர்களுக்கு ஒரு பூச்சுக்கு 10 மி.லி. கூட ஆகாது, அவர்களுக்குச் சின்னப் புட்டியே போதும். திறந்த புட்டி நாள்பட்டால் கெட்டியாகும்.

விலை இடத்துக்கு இடம் மாறும். உள்நாட்டுச் சின்னப் புட்டிகள் சில நூறு ரூபாயில் முடியும், இறக்குமதி வகைகள் ஆயிரத்தைத் தாண்டும். வார்னிஷோடு பிரஷ், கிண்ணம், துடைக்கும் துணி, டர்பன்டைன், மாஸ்க் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். முதல்முறை வாங்கும்போது வார்னிஷ் விலைக்கு இணையாக இன்னொரு தொகையை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, தீப்பிடிக்கும் கரைப்பான் வகையும் ஸ்ப்ரே டப்பாவும் விமானப் பார்சலில் சாதாரணமாக ஏறாது, தரைவழியாகத்தான் வரும். "இரண்டு நாளில்" என்ற நினைப்பில் கண்காட்சித் தேதியை வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியூரிலிருந்து வாங்கி ரயிலிலோ விமானத்திலோ கொண்டுவரலாம் என்ற யோசனையும் வேண்டாம், இரண்டிலும் தடை.

வந்ததும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புட்டியின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் மூன்றையும் போட்டோ எடுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டும் சேஃப்டி ஷீட்டும் இருந்தால் இறக்கி வையுங்கள். நீர்க்கும் விகிதம், காயும் நேரம், எடுக்கும் முறை எல்லாம் அதில்தான் முழுமையாக இருக்கும். லேபிளில் பாதிதான் இடம்பிடிக்கும்.

6. நாள் குறியுங்கள்

மெல்லிய பூச்சில் வரைந்த படம் ஒரு வாரம் காயட்டும். கத்தியால் அப்பிய கனமான வண்ணம் என்றால் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை. மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அந்த இடம் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

பூசும் நாளில் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 75 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை அறையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலோர வீடுகளில் அது 85, 90 என்று நிற்கும், அன்றைக்குப் புட்டியைத் திறக்காதீர்கள். மார்கழியில் விடியற்காலைப் பனி இறங்கும் நேரமும் ஆகாது, பத்து மணிக்கு மேல் தொடங்கலாம். தை, மாசி இரண்டும் இந்த வேலைக்குப் பொன்னான மாதங்கள். சித்திரை, வைகாசியில் செய்தே ஆக வேண்டும் என்றால் ஏ.சி. அறையில் தண்ணீர் வகையைப் பூசுங்கள். டர்பன்டைன் வகையை மூடிய ஏ.சி. அறையில் பூசக் கூடாது.

கண்காட்சிக்கோ வாங்குபவருக்கோ கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வார்னிஷ் பூசி முடித்து இரண்டு வாரம் ஆன பிறகே பொதிய வேண்டும். பூச்சுகளுக்கு இரண்டு மூன்று நாள், அதற்கு முன் இடைப்பூச்சு (அடுத்த படியில் வருகிறது) காய மூன்று நாள், அதற்கும் முன் படம் காய ஒரு வாரம் முதல் ஒரு மாதம். மெல்லிய படத்துக்கே மொத்தம் ஒரு மாதம் போய்விடுகிறது. கனமான வண்ணத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வார்னிஷ் பூசிய படங்கள்தான் கண்காட்சிக்குப் போகும் வழியிலேயே பொதிதாளோடு ஒட்டிக்கொள்கின்றன.

7. இடைப்பூச்சு வேண்டுமா

வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவில் எடுக்கவே முடியாத ஒரு தெளிந்த அக்ரிலிக் பூச்சைப் போடுவதுண்டு. ஐசோலேஷன் கோட் என்பார்கள். பிற்காலத்தில் வார்னிஷைக் கரைத்து எடுக்கும்போது கரைப்பானும் துடைப்பும் நேரே வண்ணத்தில் படாமல் அது காக்கும். இன்னொரு பலன் உடனே தெரியும். படத்தில் சில இடம் உறிஞ்சும், சில இடம் உறிஞ்சாது. உறிஞ்சும் இடத்தில் மேட் வார்னிஷின் பிசின் உள்ளே இறங்கி, தூள் மட்டும் மேலே தங்கி வெள்ளையாகத் திட்டுப்போடும். இடைப்பூச்சு பரப்பு முழுவதையும் ஒரே சீராக்கிவிடும்.

பரவலான கலவை, சாஃப்ட் ஜெல் கிளாஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கட்டாயம் கிளாஸ் வகை ஜெல்லாக இருக்க வேண்டும். மேட் ஜெல்லைப் போட்டால் அந்த மூட்டத்தை ஒருபோதும் எடுக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும் ஊர்களில் டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரென்று பெட்ரோல் பங்கில் விற்பதில் "டிஸ்டில்டு" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதில் ஓவியப் பாதுகாப்பு நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. எடுக்க முடியாத ஒன்றைப் படத்தின் மேல் ஏன் போட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. என் முடிவு இது: மெல்லிய வண்ணம், தண்ணீர் அதிகம் சேர்த்து வரைந்த இடங்கள், பளபளப்பு இடத்துக்கு இடம் மாறும் படம் என்றால் போடுங்கள். முழுப் படமும் கெட்டியான, சீரான வண்ணம் என்றால் விட்டுவிடலாம்.

8. அறையையும் படத்தையும் தயார் செய்யுங்கள்

முந்தின நாளே அறையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பூசும் நாளில் துடைப்பத்தைத் தொடாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இறக்கை மேலுள்ள தூசியே எமன். பூனை, நாய் இருந்தால் வெளியே. கம்பளிச் சட்டை, நூல் உதிரும் துண்டு எதுவும் உடம்பில் வேண்டாம்.

இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு பூசாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் வந்து வரிசையாக ஒட்டிக்கொள்ளும், இறக்கையை எடுத்தாலும் அச்சு நிற்கும். பகலில், பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சத்தில் பூசுவதே சிறந்தது. காயும் நேரத்தில் நாலு மூலையிலும் உயரமாக எதையாவது வைத்து அதன் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டிவிடலாம். வலை தொய்ந்து படத்தில் படக் கூடாது.

படத்தை மேஜையில் படுக்க வையுங்கள். பெரிய கேன்வாஸ் என்றால் நடுப்பகுதி ஈரத்தில் தொய்ந்து குழிவிழும், வார்னிஷ் அங்கே ஓடித் தேங்கும். பின்பக்கம், கட்டைச் சட்டங்களுக்கு நடுவில், கேன்வாஸைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்துக்கு அட்டையோ தெர்மோகோலோ அடுக்குங்கள். அதிகம் அடுக்கினால் நடுவில் மேடு தட்டி, சட்டத்தின் விளிம்பு முன்பக்கம் கோடாகத் தெரியும்.

உலர்ந்த, அகலமான மென்பிரஷால் படத்தைத் தூசி தட்டுங்கள். கையால் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஏதோ படிந்ததுபோல் இருக்கும் படங்கள் உண்டு. அக்ரிலிக்கிலிருந்து வெளிவரும் ஒரு சேர்மானம் அது. முழுக்க அக்ரிலிக் படம்தான் என்றால், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். நிறம் வராவிட்டால் முழுவதும் லேசாகத் துடைத்து ஒரு நாள் உலர விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு சோதனைத் துண்டு தயாராக இருக்க வேண்டும். அதே கேன்வாஸ், அதே ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு), படத்தில் இருக்கும் மிக அடர்ந்த நிறம், மிக வெளிர்ந்த நிறம். அதில் முழு வரிசையையும் பூசி, காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறகு நீங்கள் எடுக்கும் முறையையும் அதிலேயே செய்து பார்த்துவிடுங்கள். பஞ்சில் கரைப்பானைத் தொட்டு உருட்டினால் வார்னிஷ் மட்டும் வர வேண்டும். பஞ்சில் நிறம் ஏறக் கூடாது.

9. பூசும் முறை

புட்டியைக் குலுக்காதீர்கள், நுரை வரும். மேட், சாட்டின் என்றால் அடியில் தூள் உறைந்திருக்கும். குச்சியை அடிவரை விட்டு மெதுவாகக் கிளறுங்கள், பூசும்போது இடையிடையேயும் கிளறுங்கள். தேவையான அளவை அகலமான கிண்ணத்தில் ஊற்றி, நீர்க்க வைக்கச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு நீர்க்க வையுங்கள். கட்டி இருந்தால் பழைய நைலான் துணியில் வடிகட்டலாம். மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் ஊற்ற வேண்டாம்.

2 அல்லது 3 அங்குல அகலத்தில் மென்மையான சிந்தெடிக் தட்டைப் பிரஷ் வேண்டும். வார்னிஷுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிரஷ் என்றால் உள்ளங்கையில் தட்டி, இழுத்து, உதிரும் முடியை முதலில் உதிர்த்துவிடுங்கள். முடியின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நனைத்து, கிண்ண விளிம்பில் ஒரு பக்கம் வழித்து, படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல் இழுங்கள். அடுத்த இழுப்பு முந்தினதன் ஈர விளிம்பைக் கொஞ்சம் மேவிப் போக வேண்டும். இரண்டு மூன்று தடவை நீவியதும் அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பட்டை முடிந்ததும் தலையைத் தாழ்த்தி, ஜன்னல் வெளிச்சம் படத்தில் வழுக்குகிற கோணத்தில் பாருங்கள். பூசிய இடம் ஈரமாக மின்னும். விட்டுப்போன இடம் மங்கலாக, நகக்கண் அளவில்கூடத் தெரியும். பட்டை இன்னும் நன்றாக ஈரமாக இருந்தால் உடனே தொட்டுவிடலாம். இழுக்கும்போது பிரஷ் பிசிறிக்கொண்டு நிற்கிறதென்றால் வார்னிஷ் இறுகத் தொடங்கிவிட்டது. அப்போது கை வைத்தால் வரிவரியாகக் கோடு விழும். அந்த இடத்தை இரண்டாம் பூச்சுக்கு விடுங்கள். வார்னிஷ் கெட்ட படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நிமிஷத்தில், "இன்னும் ஒரு தடவை" என்று நீவியதில் கெட்டவைதான். மேடு பள்ளமான வண்ணத்தில் பள்ளங்களில் தேங்கியதை, வழித்த பிரஷின் நுனியால் ஒற்றி எடுங்கள். அப்படியே விட்டால் அங்கே பால்நிறம் நிற்கும்.

இரண்டாம் பூச்சுக்குத் தண்ணீர் வகை என்றால் குறைந்தது ஆறு மணி நேரம், டர்பன்டைன் வகை என்றால் மறுநாள். டேட்டா ஷீட்டில் இதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். முதல் பூச்சு கிடைமட்டமாகப் போனது என்றால் இரண்டாவது மேலிருந்து கீழாக. கேன்வாஸின் பக்கவாட்டு ஓரங்களையும் மறக்காதீர்கள், கை படும் இடம் அதுதான்.

ஸ்ப்ரே அடிப்பவர்கள் டப்பாவை ஓர் அடி தூரத்தில் பிடித்து, படத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். மொட்டை மாடியில் காற்று இல்லாத நேரமாகப் பாருங்கள்.

10. ஏதாவது கெட்டுப்போனால்

வெண்மூட்டம்: ஈரப்பதத்தால் கரைப்பான் ஸ்ப்ரேயில் வந்ததென்றால், உலர்ந்த நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் பல சமயம் தெளியும். மேட் தூளால் வந்ததென்றால் அதன் மேல் அதே வகையின் பளபளப்புப் பூச்சு ஒன்று பெருமளவு சரிசெய்யும், மேட் தோற்றம் போய்விடும்.

ஒட்டிய முடி, பூச்சி: ஈரமாக இருக்கும்போது ட்வீசரால் தூக்க முடிந்தால் தூக்குங்கள். இறுகத் தொடங்கிவிட்டதா, முழுக்கக் காயும்வரை கை வைக்காதீர்கள்.

வார்னிஷை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய படம், விற்ற படம், பிறருடைய படம் எதிலும் நீங்களே இறங்காதீர்கள். ஓவியப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன பூசியது என்பதாகத்தான் இருக்கும். அதற்குத்தான் அடுத்த படி.

11. எழுதி வைத்தலும் பொதிதலும்

கேன்வாஸின் பின்பக்கத் துணியில் மார்க்கரால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறி வர வாய்ப்புண்டு. மரச்சட்டத்தில் பென்சிலால், அல்லது சட்டத்தோடு கட்டிய அட்டையில் எழுதுங்கள்: எந்த வண்ணங்கள், இடைப்பூச்சு உண்டா, அது எதனால் ஆனது, வார்னிஷின் முழுப்பெயர், எத்தனை பூச்சு, எந்தத் தேதி, எதைக் கொண்டு எடுக்கலாம். படத்தை விற்கும்போது கொடுக்கும் சான்றிதழிலும் இதே விவரத்தைச் சேருங்கள். ஒரு நகல் உங்கள் கோப்பில், பில்லோடும் லேபிள் போட்டோவோடும் இருக்கட்டும்.

பபிள்ராப் நேராகப் படத்தின் முகத்தில் படக் கூடாது. லாரியில் ஒரு பகல் வெயிலில் போனால் போதும், குமிழ் குமிழாக வட்ட அச்சு விழுந்துவிடும். முதலில் சிலிக்கான் பூசிய, ஒட்டாத ரிலீஸ் தாள், நாலு மூலையிலும் அட்டைக் காப்பு, அதன் மேல் குமிழ் வெளியே பார்க்கும்படி பபிள்ராப். ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

வாங்கியவருக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள்: உலர்ந்த மென்துணியால் மட்டும் தூசி தட்ட வேண்டும், கண்ணாடி துடைக்கும் திரவம் கூடாது. பலவற்றில் அம்மோனியா இருக்கும், தண்ணீர் வகை வார்னிஷ்களில் சிலவற்றை அது கரைத்துவிடும். மேற்குச் சுவரில், மாலை வெயில் நேரே விழும் இடத்தில் மாட்ட வேண்டாம். பூஜை அறையில் விளக்குப் புகை ஏறும் சுவரிலும் வேண்டாம்.